டிஸ்பிளே டிரைவர் அடிக்கடி நின்று மீள்கிறது: கிராபிக்ஸ் கார்டை மாற்றத்தான் வேண்டுமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் மகளும் நானும் பகிர்ந்து பயன்படுத்தும் மேசைக் கணினியில் கடந்த சில வாரங்களாகத் திரை திடீரென்று கருத்துப்போய், இரண்டு மூன்று நொடிகளில் தானாகவே திரும்பி வருகிறது. அப்படித் திரும்பும்போது திறந்திருந்த மென்பொருட்களில் சில பழையபடியே இருக்கின்றன, சில மூடிக்கொண்டுவிடுகின்றன. கல்லூரிக்காக மகள் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொண்டிருந்த ஒரு மாதிரி வடிவம் சேமிக்கப்படாமலே போனது இப்படித்தான். இன்னொரு வகையும் உண்டு. திரை அப்படியே உறைந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த பாட்டின் ஒரு துணுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். பிறகு கணினி தானே அணைந்து மறுபடி தொடங்கும்.

ரைசன் 5 3600 செயலியும் 16 ஜிபி ரேமும் கொண்டு உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி இது. மகளின் படிப்புக்காகப் பிற்பாடு கிராபிக்ஸ் கார்டை மட்டும் பெரியதாக மாற்றினோம். இயங்குவது விண்டோஸ் 11. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் புதிய பதிப்பை இறக்கி நிறுவிப் பார்த்தேன். ஓரிரு நாள் குறைந்ததுபோல் இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது.

வேறொரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் ஏதோ ஒரு பதிவுப் பட்டியலைத் திறந்து, டிஸ்பிளே டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டது என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் இருந்த வரிகளைக் காட்டி, கார்டின் ஆயுள் முடிந்துவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார். கார்டின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. இன்றைய விலையில் இன்னொரு கார்டு வாங்குவது எங்களுக்கு எளிதான செலவில்லை. பட்டியலில் குற்றம்சாட்டப்படுவது டிரைவராக இருக்க, மாற்றச் சொல்வது கார்டையாக இருப்பதால் எனக்கு ஐயம் தீரவில்லை. காசைச் செலவழிக்கும் முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக்கூடியவை என்னென்ன, அவற்றை எந்த வரிசையில் செய்யவேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

கணினித்தச்சன் எழுதியது:

வணக்கம் ஐயா. கார்டு போய்விட்டது என்று முடிவுகட்ட நீங்கள் எழுதியவற்றில் போதிய ஆதாரம் இல்லை. டிரைவர்தான் காரணம் என்று சொல்லவும் இல்லை. அந்த வரி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மற்றது விளங்கும்.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டிடிஆர் என்றொரு கண்காணிப்பு ஏற்பாடு இயங்குதளத்திலேயே உள்ளது. கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைத்த ஒரு வேலை 2 நொடிக்குள் முடியாமலும், இடையில் நிறுத்தச் சொன்னாலும் நிற்காமலும் போனால், கார்டு முடங்கிவிட்டதாகக் கருதி விண்டோஸ் அந்த டிரைவரை நிறுத்தி, கார்டை மீட்டமைத்து, மறுபடி தொடங்கிவைக்கிறது. நீங்கள் காணும் இரண்டு மூன்று நொடிக் கருந்திரை அதுதான். மீட்பு வெற்றியடைந்தால் பதிவில் 4101 என்ற எண்ணுடன் ஒரு வரி சேரும். மீட்பே தோற்றால் 116 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டி விண்டோஸே நின்றுபோகும் நீலத்திரை வரும். ஒரே நிமிடத்திற்குள் 5 முறைக்கு மேல் இப்படி முடங்கினால், மேலும் மீட்டுப் பார்க்காமல் விண்டோஸ் தானாகவே நீலத்திரைக்குப் போய்விடும்.

ஆகவே 4101 என்பது 2 நொடிக்குள் பதில் வரவில்லை என்பதற்கான சாட்சி, அவ்வளவே. டிரைவரின் நிரலில் பிழை இருந்தாலும், கார்டின் நினைவகம் பழுதானாலும், ரேம் தவறான எண்ணைத் திருப்பித் தந்தாலும், மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டில் அது சரியாக உட்காராமல் இருந்தாலும், மின்சாரம் ஒரு கணம் சரிந்தாலும் பதிவில் விழுவது அதே வரிதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு கார்டை மாற்றச் சொல்வது நியாயமில்லை.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது வேறு. கருந்திரையாகி மீள்வது ஒன்று. உறைந்து, கணினியே அணைந்து தொடங்குவது இன்னொன்று. இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகளாக இருக்கலாம், வெவ்வேறு நோய்களாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய முதலில் பதிவுகளைப் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் நாள்வாரியான ஒரு வரைபடம் திறக்கும். முதல் சிவப்புக் குறி விழுந்த நாளையும், அதற்கு முன்பு என்ன நிறுவப்பட்டது என்பதையும் அதில் காணலாம். அடுத்து ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். 4101 வந்த நேரங்களையும், கெர்னல் பவர் 41 வந்த நேரங்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். 41 என்பது முறையாக அணைக்கப்படாமல் கணினி மறுபடி தொடங்கியதைச் சொல்வது. அதுவும் விளைவுதான், காரணம் அல்ல. ஆனால் நீலத்திரைக் குறியீடு எதுவும் சேராமல் 41 மட்டும் தனியாக நின்றால் என் கை முதலில் மின்சாரப் பக்கம்தான் போகும். ஹூவியா லாகர் என்ற பெயரில் 17 என்ற எண்ணுடன் எச்சரிக்கைகள் குவிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் பிழைகள் ஏற்பட்டுத் திருத்தப்பட்டதைக் குறிப்பவை. ஸ்லாட்டில் கார்டைக் கழற்றி மாட்டவேண்டியதன் அறிகுறி.

பதிவுகளின் பக்கத்திலேயே ஒரு தாள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்றும் எழுதுங்கள். பிளெண்டரில் ரெண்டர், அதாவது காட்சியைக் கணித்துப் படமாக்கும் வேலை, தொடங்கிய கணமா, பாதியிலா, பிரவுசரில் வீடியோ பார்க்கையிலா, சும்மா இருக்கையிலா என்பது எந்தச் சோதனை மென்பொருளும் தராத தகவல். அதுவரை எதையும் மாற்றவேண்டாம். ஒரே நாளில் நான்கு திருத்தங்கள் செய்தால் எது பலித்தது என்று எவராலும் சொல்லமுடியாது.

புதுவை இளையவன் எழுதியது:

ஐயா, எனக்கும் இதே தொல்லை இருந்து, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்ததும் நின்றுவிட்டது. லோக்கல் மெஷின் கிளையில் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிராபிக்ஸ் டிரைவர்ஸ் என்று வரிசையாகச் சென்று, டிடிஆர் டிலே என்ற பெயரில் டிவேர்டு என்ற எண் வகை மதிப்பு ஒன்றை உருவாக்கி, டெசிமலைத் தேர்ந்து 10 என்று கொடுங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் 2 நொடிக்குப் பதிலாக 10 நொடி வரை விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை.

ரெண்டர் இரவுகள் எழுதியது:

மேலே சொன்ன வழி தவறான வழி அல்ல. ஆனால் எல்லாருக்கும் உரிய வழியும் அல்ல. நான் முப்பரிமாண வேலை செய்பவள். கனமான ஒரு காட்சியை ரெண்டர் செய்யும்போது கார்டு உண்மையிலேயே உழைத்துக்கொண்டிருக்க, ஒரே கட்டளைக்கு 2 நொடிக்கு மேல் பிடிப்பதுண்டு. அந்த நிலையில் விண்டோஸ் அவசரப்பட்டு டிரைவரை நிறுத்திவிடுகிறது. இதற்காகவே சில முப்பரிமாண மென்பொருட்களின் உதவிப் பக்கங்கள் இந்த மதிப்பை உயர்த்தச் சொல்கின்றன. புதுவை இளையவனுக்கு அப்படித்தான் பலித்திருக்கவேண்டும்.

கார்டு உழைக்காமல் உண்மையிலேயே முடங்கிப்போனால் அதே மதிப்பு எதிராகத் திரும்பும். 3 நொடியில் மீண்டிருக்கவேண்டிய திரை 10 நொடி உறைந்து கிடந்து பிறகு மீளும். பழுது அங்கேயே இருக்கும், பதிவில் விழும் வரிகள் மட்டும் குறையும். வைகைக்கரை ஐயாவின் கணினி தானே அணைந்து தொடங்குகிறது என்கிறார். பொறுமையை நீட்டித்துத் தீரக்கூடிய பழுதாக அது தெரியவில்லை.

பிளெண்டரில் உங்கள் மகளுக்கு ஒரு குறிப்பு. தானாகச் சேமிக்கும் இடைவெளி பிரிஃபரன்சஸில் இருக்கிறது. அதை 2 நிமிடத்திற்கே கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிளெண்டரின் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸில் ரெண்டர் செய்வதைக் கார்டிலிருந்து செயலிக்கு மாற்றியும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் செயலியில் மணிக்கணக்காக ஓடி எதுவும் நிகழாவிட்டால் ரேம், மதர்போர்டு ஆகியவற்றின் மீதுள்ள ஐயம் பெருமளவு விலகும்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ரெஜிஸ்ட்ரியைத் தொடவில்லை. பதிவுகளைப் பார்த்தேன், மகளும் நானும் ஒரு தாளில் நேரங்களை எழுதி வந்தோம்.

கருந்திரையாகி மீள்வது இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, பிரவுசரில் வீடியோவை முழுத்திரைக்குக் கொண்டுபோகும்போதோ அதிலிருந்து வெளியே வரும்போதோ. இது எப்போதாவதுதான். இன்னொன்று, பிளெண்டரில் ரெண்டர் பொத்தானை அழுத்திய உடனே, அல்லது ஒரு சட்டகம் முடிந்து அடுத்தது தொடங்கும் கணத்தில். உறைந்துபோய் மறுபடி தொடங்குவதெல்லாம் ரெண்டரின்போது மட்டுமே. அந்த நேரங்களில் 41 தனியாக நிற்கிறது. நீலத்திரைக் குறியீடு எதுவும் இல்லை. ஹூவியா எச்சரிக்கைகளும் இல்லை. ரெண்டரைச் செயலிக்கு மாற்றி இரவு முழுவதும் ஓட்டினோம், ஒன்றும் ஆகவில்லை.

சூடாக இருக்குமோ என்று, வெப்பத்தையும் வோல்டேஜையும் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளை நிறுவிப் பார்த்தேன். மேற்குப் பார்த்த மாடி அறை, மதுரை வெயில். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் புளோயரால் தூசியை ஊதியெடுத்தபின் ரெண்டர் ஓடும்போது கார்டின் வெப்பம் 74 டிகிரியிலும், அதன் மிகச் சூடான இடமான ஹாட்ஸ்பாட் 88-லும் நிற்கிறது. முடக்கம் நிகழ்வதோ பெரும்பாலும் கார்டு இன்னும் 60 டிகிரியைக்கூடத் தொடாத தொடக்கத்தில். வீட்டு யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகிப் பார்த்தும் மாற்றமில்லை.

இனி என்ன செய்யலாம்? டிரைவரை முழுவதுமாக நீக்கிவிட்டுப் பழைய பதிப்பைப் போடச் சொல்லி மகளின் நண்பர் ஒருவர் கூறுகிறார்.

கணினித்தச்சன் எழுதியது:

நீங்கள் எழுதி வைத்த தாள் எந்தக் கடைக்காரரின் தீர்ப்பை விடவும் மேலானது. அதில் இரண்டு தனித்தனிப் பழுதுகள் தெரிகின்றன.

பிரவுசர் விவகாரத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். முழுத்திரைக்குப் போகும்போதும் வரும்போதும் மட்டும் திரை கருத்து மீள்வது பெரும்பாலும் டிரைவரும் பிரவுசரும் வீடியோவைத் திரையில் அடுக்கும் முறையில் ஒத்துப்போகாததால் வருவது. மகளின் நண்பர் சொன்ன மருந்து இதற்குத்தான் பொருந்தும். டிடியூ என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை இறக்கிக்கொண்டு, வேண்டிய டிரைவர் பதிப்பையும் முன்கூட்டியே இறக்கிவைத்து, இணைய இணைப்பைத் துண்டித்து, அடிப்படை நிரல்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து நீக்குங்கள். இணைப்பை விட்டுவைத்தால் நீங்கள் நீக்கி முடித்த மறுநிமிடமே விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள ஒரு பதிப்பைக் கொண்டுவந்து நிறுவிவிடக்கூடும். டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் பார்த்தேன், பலனில்லை என்று எழுதுகிறவர்களில் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அதன்பின்னும் நீடித்தால் பிரவுசரின் அமைப்பில், வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்திப் பாருங்கள்.

ரெண்டர் விவகாரத்திற்கு டிரைவர் மருந்து உதவும் என்று நான் நினைக்கவில்லை. வெப்பம் ஏறுவதற்கு முன்பே விழுகிறது, சுமை திடீரென ஏறும் கணத்தில் விழுகிறது, நீலத்திரை போட்டுப் பதிவெழுதக்கூட அவகாசமில்லாமல் அணைகிறது. வெப்பத்தால் வரும் கோளாறு பொதுவாக இப்படி நடந்துகொள்ளாது. கார்டு முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆகவே கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், அதிலிருந்து கார்டுக்குச் செல்லும் கேபிள் ஆகிய இரண்டையும் பார்க்கவேண்டும்.

காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில், கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு வைக்கும் பவர் லிமிட் என்ற நகர்த்தியை 70 விழுக்காட்டுக்கு இறக்கி, அதே பிளெண்டர் கோப்பை அதே அமைப்பில் ரெண்டர் செய்யுங்கள். இந்த மென்பொருள் எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் பெரும்பாலும் இயங்கும். ரெண்டர் சிறிது மெதுவாகும்; சேதம் எதுவும் வராது. 70-இல் நிலையாக ஓடி, 100-க்கு ஏற்றியதும் விழுந்தால் கார்டு கேட்கும் மின்சாரம் அதற்குப் போய்ச் சேரவில்லை என்ற முடிவுக்கு மிக அருகில் வந்துவிடுவோம். முழு முடிவு என்று சொல்லமாட்டேன். கார்டிலேயே உள்ள மின்சுற்று நலிந்திருந்தாலும் இதே விடை வரும். ஃபர்மார்க் போன்ற சுமைச் சோதனைகளை இப்போதைக்கு ஓட்டவேண்டாம். அவை நிலையான சுமையைத் தருபவை, நமக்கு வேண்டியதோ ஏறி இறங்கும் சுமை. அதோடு, ஐயத்திற்குரிய கேபிளில் தொடர்ந்து மின்னோட்டத்தை ஓட்டுவது நல்லதும் அல்ல.

அதற்குப் பிறகு கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இவற்றைப் பார்த்து எழுதுங்கள்: எஸ்எம்பிஎஸ்ஸின் ஒட்டுவில்லையில் எத்தனை வாட், 12 வோல்ட் பகுதிக்கு எத்தனை ஆம்பியர், கார்டில் எத்தனை பின் கொண்ட இணைப்பிகள், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து அவற்றுக்கு நேரடியாகக் கேபிள் வருகிறதா, இடையில் ஏதாவது கன்வெர்ட்டர் இருக்கிறதா. கார்டை மட்டும் பிற்பாடு மாற்றினோம் என்று நீங்கள் எழுதியதால்தான் கேட்கிறேன். நம் ஊரில் அசெம்பிள் செய்யும்போது செயலிக்கும் ரேமுக்கும் பேரம் பேசி முடித்தபின், மிச்சமிருக்கும் பணத்தில் எஸ்எம்பிஎஸ் என்பதே வழக்கமாகிவிட்டது.

மடிக்கணினிக்காரன் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. என் மடிக்கணினியிலும் 4101 வருகிறது. அதில் எஸ்எம்பிஎஸ் கிடையாதே, நான் எதைப் பார்ப்பது?

கணினித்தச்சன் எழுதியது:

அடாப்டரைச் செருகியபோதும் பேட்டரியில் ஓடும்போதும் ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். இரு கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினி என்றால், பதிவில் 4101 வரியில் எந்த டிரைவரின் பெயர் வருகிறது என்பதைக் கொண்டு எது விழுகிறது என்று அறியலாம். மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று தந்திருக்கும் டிரைவரை முதலில் முயலுங்கள். சிப் தயாரிப்பாளரின் பொதுவான பதிப்பு அதற்குப் பிறகு. மேலும் விவரம் இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள், இங்கே இரண்டும் குழம்பிவிடும்.

வைகைக்கரை எழுதியது:

பவர் லிமிட்டை 70-க்கு இறக்கியதும் பிளெண்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. மகள் நம்பாமல் மூன்று வெவ்வேறு காட்சிகளைப் போட்டுப் பார்த்தாள். 100-க்குத் திரும்பக் கொண்டுவந்ததும் முதல் காட்சியிலேயே உறைந்து அணைந்தது.

எஸ்எம்பிஎஸ் 450 வாட் என்று எழுதியிருக்கிறது. கார்டில் இரண்டு இணைப்பிகள்: ஒன்று 8 பின், இன்னொன்று 6 பின். 8 பின்னுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராகக் கேபிள் வருகிறது. 6 பின்னுக்கு வரவில்லை. பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்கு மாட்டும் நான்கு துளை வெள்ளை மோலெக்ஸ் இணைப்பி ஒன்றிலிருந்து கையளவு நீளமுள்ள கன்வெர்ட்டர் வழியாக வருகிறது. கார்டு மாற்றியபோது கடையில் போட்டுக்கொடுத்திருக்கவேண்டும். இத்தனை நாளும் நான் கவனித்ததில்லை.

அந்தக் கன்வெர்ட்டரைக் கழற்ற முயன்றபோது எளிதில் வரவில்லை. மெல்ல அசைத்து இழுத்தபின் பார்த்தால், மோலெக்ஸ் முனையில் மஞ்சள் கம்பி வந்து சேரும் துளையைச் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் இளகி வட்டம் குலைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் பின் மற்ற மூன்றையும்போல் பளபளப்பாக இல்லாமல் கருத்து, மேலே லேசாக நீலம் பாய்ந்திருக்கிறது. முகர்ந்தால் கருகிய நாற்றம் இன்னும் இருக்கிறது. கணினியை இப்போது பயன்படுத்தலாமா?

கணினித்தச்சன் எழுதியது:

அந்தக் கன்வெர்ட்டருடன் வேண்டவே வேண்டாம் ஐயா. கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். உங்கள் ரைசன் 5 3600-இல் உள்ளடங்கிய கிராபிக்ஸ் இல்லாததால் கார்டில்லாமல் திரையில் படம் வராது. மகளுக்கு அவசர வேலை இருந்தால் எவரிடமாவது, கூடுதல் மின் இணைப்பு கேட்காத சிறிய பழைய கார்டு ஒன்றை இரவல் வாங்கிப் போடுங்கள்.

இனி கணக்கைப் பார்ப்போம். பிசிஐ எக்ஸ்பிரஸ் வரைமுறைப்படி ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட், 6 பின் இணைப்பி வழியாக 75, 8 பின் வழியாக 150. உங்கள் 6 பின் அதன் முழு அளவை இழுக்கும்போது 12 வோல்ட்டில் 6.25 ஆம்பியர் ஓடும். முறையான 6 பின் கேபிளில் அந்த மின்னோட்டத்தை 12 வோல்ட் கம்பிகள் இரண்டோ மூன்றோ பகிர்ந்துகொள்ளும். ஒற்றை மோலெக்ஸில் 12 வோல்ட்டுக்கு இருப்பது ஒரே ஒரு மஞ்சள் கம்பி, ஒரே ஒரு பின். அந்தப் பின் நன்றாகக் கவ்வியிருந்தால் தாங்கிவிடும். மலிவான கன்வெர்ட்டரில் கவ்வல் தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் தடை கூடும், சூடேறும், சூட்டில் பின் மேலும் தளரும். 5 ஆம்பியர் பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் பழக்கியதுபோல்தான் இது. நாளடைவில் துளை கருகும். அந்தத் தடையின் வழியே மின்னோட்டம் திடீரென ஏறும்போது கார்டின் முனையில் வோல்டேஜ் சரிகிறது. எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் வரைமுறையின் 3.0-க்கு முந்தைய பதிப்புகள் 12 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 5 விழுக்காடுதான் அனுமதிக்கின்றன, அதாவது 11.4 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. சரிவு சிறிதானால் கார்டு மட்டும் தடுமாறி 4101. பெரிதானால் எல்லாமே நின்றுபோய் 41. ரெண்டரின்போது நீங்கள் கண்ட இரு அறிகுறிகளும் இதிலேயே அடங்கிவிடுகின்றன. புது டிரைவரால் ஓரிரு நாள் குறைந்ததுபோல் தெரிந்ததும் தற்செயலாகத்தான் இருக்கவேண்டும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி என்று காட்டியிருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி நேரம் நிகழும் சரிவைக் காட்ட அதற்கு வேகம் போதாது.

ஒரு கணம் திடீரென ஏறும் மின்சுமையே கார்டுகளில் பெரிய சிக்கலாகிவிட்டதால்தான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரைமுறை, புதிய 16 பின் இணைப்பியுடன் வரும் பெரிய எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவில் இருமடங்குச் சுமையை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. உங்கள் கார்டுக்கு அந்தப் புது இணைப்பி தேவையில்லை. 8 பின், 6 பின் இரண்டுக்கும் தனித்தனிக் கேபிள் உள்ள, பெயர்பெற்ற தயாரிப்பாளரின் 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றே போதும். இன்னொரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் 6 பின்னுக்குக் கேபிளே கொடுக்கவில்லை என்றால், அந்த அளவு கார்டுக்கு அது உருவாக்கப்படவில்லை என்றுதான் பொருள்.

ரெண்டர் இரவுகள் எழுதியது:

ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகை எஸ்எம்பிஎஸ் வாங்கினால், அதனுடன் வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். கார்டுப் பக்கத்து முனை எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தத் துளையில் எந்தக் கம்பி என்பது நிறுவனத்திற்கு நிறுவனம், சில நேரம் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல்கூட மாறும். துளையில் நன்றாகப் பொருந்தும், தவறான மின்சாரம் பாயும், கார்டு உண்மையாகவே போய்விடும். இரவல் எஸ்எம்பிஎஸ்ஸில் சோதிப்பதானாலும் அதன் கேபிளையும் சேர்த்தே இரவல் வாங்குங்கள்.

கார்டின் 6 பின் துளைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கும் கருத்திருந்தால் புதுக் கேபிளின் பின்னையும் அது கெடுக்கும். அதை மாற்றிச் சால்டர் செய்யத் தெரிந்த சிப் லெவல் சர்வீஸ்காரரிடம் கொடுக்கவேண்டியிருக்கும். கார்டு வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவுதான்.

வைகைக்கரை எழுதியது:

கார்டின் துளைகள் சுத்தமாக இருந்தன; கருகியது மோலெக்ஸ் முனை மட்டுமே. 650 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கி, இரண்டு இணைப்பிகளுக்கும் தனித்தனிக் கேபிள் கொடுத்து மாட்டியாயிற்று. செலவு, கடைக்காரர் சொன்ன கார்டின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பவர் லிமிட் 100-இலேயே மகளின் ரெண்டர்கள் ஓடுகின்றன. எச்டபிள்யூ இன்ஃபோவில் அந்த 6 பின்னின் வோல்டேஜ் 11.9-க்குக் கீழே இறங்கவில்லை. முன்பு எவ்வளவு இறங்கியது என்று பார்த்து வைக்கவில்லை.

பிரவுசரில் முழுத்திரையின்போது கருப்பது எஸ்எம்பிஎஸ் மாற்றியபின்னும் இருந்தது. ஆகவே அது வேறு பழுது என்று நீங்கள் பிரித்துச் சொன்னது சரிதான். டிடியூ வழியில் சேஃப் மோடில் நீக்கி, ஒரு பதிப்பு முந்தைய டிரைவரைப் போட்டேன். இப்போது வரவில்லை. அடுத்த டிரைவர் பதிப்பு வந்ததும் உடனே ஏற்றலாமா, இதிலேயே இருக்கலாமா?

கணினித்தச்சன் எழுதியது:

நிலையாக ஓடுகிறதென்றால் உடனே ஏற்றவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் டிரைவர்களிலும் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்படுவதால் ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் திருத்தப்பட்டவை, இன்னும் தீராதவை என்று இரு பட்டியல்கள் இருக்கும். தீராதவற்றில் பிரவுசர் வீடியோவோ பிளெண்டரோ இல்லை என்றால் ஏற்றுங்கள். இப்போது நன்றாக ஓடும் பதிப்பின் நிறுவற்கோப்பை அழிக்காமல் ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைச் செயலி, மதர்போர்டு மட்டுமுள்ள சிறிய கணினிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் கருகிய மோலெக்ஸ் முனையை இன்சுலேஷன் டேப் சுற்றி, இனி எதிலும் மாட்டாதபடி ஒதுக்கிவிடுங்கள்.